தண்ணீரும் மதுசாரமும்: ஐதரசனுக்கு நாம் கொடுக்கும் விலை

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் பாடசாலை மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்தபோது, "நீரிழிவைப் பற்றிக் கதையும். வாற ஆக்களில் பாதிப் பேருக்கு உதவும்" என்றார். நான் மறுத்துவிட்டேன். நீரிழிவைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான மூன்று பேர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். நான் மயக்கமருந்து வைத்தியர். ஆட்களை நித்திரையாக்குவதும் பிறகு பத்திரமாக எழுப்புவதும் என் தொழில். இன்றைக்கு முதலாவது வேலையைச் செய்யாமல் இருக்க முயற்சிக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட விடயம், தண்ணீரிலிருந்தும் மதுசாரத்திலிருந்தும் மின்சாரத்தைக் கொண்டு ஐதரசன் எடுப்பது. அதிலும், குறைந்த மின்சாரத்தில் எப்படி எடுப்பது, அதற்கு மின்னூக்கிகள் எப்படி உதவுகின்றன என்பது. ஒரு வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வழி ஒட்சிசனில் தொடங்கியது.

2021 ஆம் ஆண்டு கொவிட் விடுதிகளில் வேலை செய்த எவருக்கும் ஒட்சிசன் சிலிண்டர் எண்ணிய இரவுகள் நினைவிருக்கும். மூக்கு வழியாக வேகமாக ஒட்சிசன் செலுத்தும் கருவி ஒன்று நிமிடத்துக்கு 60 லீற்றர் வரை குடிக்கும். அந்த நாட்களில், தண்ணீரைப் பிரித்தே ஒட்சிசன் எடுத்தால் என்ன என்று ஒரு தாளில் கணக்குப் பார்த்தேன். 9 கிலோ தண்ணீரைப் பிரித்தால் 1 கிலோ ஐதரசனும் 8 கிலோ ஒட்சிசனும் வரும். அந்த 8 கிலோ ஒட்சிசன் வாயுவாக 6,000 லீற்றர் அளவு. நிமிடத்துக்கு 10 லீற்றர் தேவைப்படும் நோயாளி ஒருவருக்கு 10 மணித்தியாலம் போதும். மின்சாரம் எவ்வளவு? நடைமுறையில் 50 அலகுக்கு மேல். மின்சாரப் பட்டியலில் வருமே, அதே அலகு.

அதே 6,000 லீற்றரை வீட்டில் வைக்கும் ஒட்சிசன் செறிவாக்கி காற்றிலிருந்து பிரித்தெடுக்க எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 7 அலகு. தூய்மை சற்றுக் குறைவு, அவ்வளவுதான். நீர்மூழ்கிக் கப்பலிலும் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் தண்ணீரைப் பிரித்து ஒட்சிசன் எடுக்கிறார்கள். அவர்களுக்கு வெளியே காற்று இல்லை. எங்களுக்கு இருக்கிறது. காற்றில் ஐந்திலொரு பங்கு ஒட்சிசன். ஆகவே தண்ணீரை மின்பகுப்புச் செய்யும் எவரும், மலிவாகக் கிடைக்கும் ஒரு பொருளை மிக விலைகூடிய வழியில் செய்து, பெரும்பாலும் வெளியே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மற்றப் பக்கத்தில் வரும் ஐதரசன்.

ஐதரசன் எதற்கு? கார் ஓட்ட என்று பிள்ளைகள் சொல்வார்கள். உண்மையில் இன்று உலகில் ஆண்டுக்கு 9 கோடித் தொன்னுக்கு மேல் செய்யப்படும் ஐதரசனில் பெரும்பகுதி எண்ணெய் சுத்திகரிப்புக்கும் அமோனியாவுக்கும் போகிறது. அமோனியாவிலிருந்து யூரியா. வன்னியில் ஒரு அந்தர் என்று சொல்லும் 50 கிலோ யூரியாவுக்குள் 5 கிலோ ஐதரசனின் வேலை இருக்கிறது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டபோது வயலில் என்ன நடந்தது என்று இங்கிருக்கும் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதே பருவத்தில் என் விடுதியில் ஒட்சிசனும் அப்பாவின் வயலில் யூரியாவும் எண்ணி எண்ணிப் பாவிக்கப்பட்டன. இரண்டும் தண்ணீருக்குள் இருக்கும் இரண்டு பாதிகள் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

உலகில் செய்யப்படும் ஐதரசனில் மிகப் பெரும் பங்கு இன்னும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. இயற்கை வாயுவிலிருந்து 1 கிலோ எடுத்தால் 9, 10 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். தண்ணீரிலிருந்து எடுப்பது சுத்தம்; ஆனால் மின்செலவு அதிகம். எங்கள் கதை அந்தச் செலவைப் பற்றியது.

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தவர்களில் ஒருவர் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 1800 ஆம் ஆண்டு, இத்தாலியில் வோல்ற்றா தன் மின்கல அடுக்கைப் பற்றிக் கடிதம் எழுதிய செய்தி இலண்டனுக்கு வந்த உடனேயே, வில்லியம் நிக்கல்சனும் அன்ரனி கார்லைலும் அதேபோல் ஒன்றைச் செய்து கம்பிகளைத் தண்ணீருக்குள் விட்டார்கள். ஒரு கம்பியில் ஐதரசன் குமிழ் வந்தது. கார்லைல் வெஸ்ற்மின்ஸ்ரர் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை வைத்தியர். சத்திரசிகிச்சை செய்பவர்கள் தங்கள் வேலை முடிந்ததும் சும்மா இருக்கமாட்டார்கள் என்பது எனக்கு நேரில் தெரிந்த உண்மை.

எங்கள் காலத்தில் இந்தப் பரிசோதனையை எப்படிப் படித்தோம் என்று என் வகுப்பு ஆட்களுக்குத் தெரியும். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஆய்வுகூடத்துக் கண்ணாடி அலுமாரிக்குள் ஹொப்மன் உபகரணம் இருந்தது. இரண்டு நீண்ட குழாய், அடியில் பிளாற்றினத் தகடு. அதற்குக் கொடுக்க மின்சாரம்தான் இல்லை. ரீச்சர் கரும்பலகையில் வெண்கட்டியால் குமிழ் வரைவார். ஐதரசன் பக்கத்தில் இரண்டு, ஒட்சிசன் பக்கத்தில் ஒன்று. ஒருநாள் அவரே சைக்கிள் ஒன்றை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவின் வயரை உபகரணத்தில் பூட்டி, எங்களை முறை வைத்து மிதிக்கச் சொன்னார். அந்த நாட்களில் வானொலி கேட்டது அப்படித்தானே. மிதித்தோம். இரண்டு குழாயிலும் ஒரே அளவு குமிழ், அதுவும் மிகக் கொஞ்சம். "ஏன் இரண்டுக்கு ஒன்று வரவில்லை?" என்று கேட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். டைனமோ தருவது ஆடலோட்டம். ஒவ்வொரு கணமும் திசை மாறும். ஒரு தகடே மாறி மாறி அனோட்டாகவும் கதோட்டாகவும் வேலை செய்யும். அன்றைக்கு அவர் படிப்பிக்க நினைத்தது அதைத்தான். ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். அவருக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன்.

இப்போது பற்றரிக்குத் தடையில்லை. இந்த மேசையில் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரில் சலவைச் சோடா கரைத்து வைத்திருக்கிறேன். அதற்குள் இரண்டு முனையும் சீவிய இரண்டு பென்சில்கள். வீட்டில் செய்து பார்க்கும் பிள்ளைகள் கறியுப்பைப் போடவேண்டாம். குளோரீன் வரும், அது நுரையீரலுக்கு நஞ்சு. சலவைச் சோடா போதும். ஒரு ரோச் பற்றரி, அதாவது 1.5 வோல்ற்றைக் கொடுக்கிறேன். பாருங்கள், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பற்றரியைத் தொடராகக் கொடுக்கிறேன். இப்போது மெல்லிய குமிழ்.

புத்தகத்தில் தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ற் போதும் என்று இருக்கிறது. உயர்தரப் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். 1.5 கொடுத்தும் ஏன் குமிழ் இல்லை? 1.23 என்பது இயற்கை கேட்கும் ஆகக்குறைந்த விலை. அதற்கு மேல், தாக்கம் ஒரு கணிசமான வேகத்தில் நடப்பதற்குக் கொடுக்கும் மேலதிக விலை இருக்கிறது. அதை மிகையழுத்தம் என்பார்கள். பென்சில் கரி இந்த வேலைக்கு மிகவும் சோம்பேறியான மேற்பரப்பு, ஆகவே மிகையழுத்தம் அதிகம். நல்ல ஊக்கி பூசிய மின்வாய்கள் உள்ள தொழிற்சாலைக் கலங்களில்கூட 1.8 முதல் 2 வோல்ற் வரை கொடுக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு, இதை மட்டும் மனதில் வைத்திருங்கள். கலத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வோல்ற்றுக்கும் 1 கிலோ ஐதரசனுக்கு 26.6 அலகு மின்சாரம் செலவு. 1.23 வோல்ற்றில் வேலை நடந்தால் 33 அலகு. 1.9 வோல்ற்றில் நடந்தால் 50 அலகு. ஒரு அந்தர் யூரியாவுக்கு வேண்டிய 5 கிலோ ஐதரசனுக்கு 250 அலகு. சிக்கனமான ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்து மின்சாரம்.

இந்த மேலதிக விலையில் பெரும்பங்கு ஐதரசன் பக்கத்தில் போவதில்லை. கதோட்டில் இரண்டு புரோத்தனும் இரண்டு இலத்திரனும் சேர்ந்தால் முடிந்தது. ஒட்சிசன் பக்கத்தில் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு இலத்திரன்களைப் பிடுங்கி, இரண்டு ஒட்சிசன் அணுக்களைப் பிணைக்கவேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு படி. ஒரு படியில் தடக்கினால் எல்லாம் நிற்கும்.

ஊக்கி என்ன செய்கிறது? பிரெஞ்சு விஞ்ஞானி போல் சபாத்தியே, 1912 இல் நோபல் பரிசு பெற்றவர், ஊக்கிகளைப் பற்றிச் சொன்ன கருத்து வைத்தியர்களுக்கு எளிதில் விளங்கும். தாக்கும் பொருளை ஊக்கி பிடிக்கவேண்டும், ஆனால் இறுக்கிப் பிடிக்கக்கூடாது. ஈமோகுளோபின் நுரையீரலில் ஒட்சிசனைப் பிடிக்கிறது, இழையத்தில் விடுகிறது. பிடிக்காவிட்டால் பயனில்லை, விடாவிட்டாலும் பயனில்லை. ஐதரசன் அணுவை அப்படி அளவாகப் பிடித்துவிடும் உலோகம் பிளாற்றினம்.

ஒட்சிசன் பக்கம் நிலைமை மோசம். அமில மென்சவ்வுக் கலங்களில் அந்தப் பக்கத்தில் நிலைத்து வேலைசெய்வது இரிடியத்தின் ஒட்சைட்டு. இரிடியம் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 7, 8 தொன்தான் கிடைக்கிறது. பெரும்பாலும் தென்னாபிரிக்கச் சுரங்கங்களில், பிளாற்றினம் தோண்டும்போது கூடவே வருவது. உலகத்து ஐதரசனை எல்லாம் இந்த வழியில் செய்ய நினைத்தால் முதலில் தீர்ந்துபோவது இதுதான். காரக் கரைசலில் வேலைசெய்யும் பழைய வகைக் கலங்களுக்கு நிக்கல் போதும். நோர்வேயின் றியூக்கான் பள்ளத்தாக்கில் 1920களின் இறுதியிலிருந்து நீர்வீழ்ச்சி மின்சாரத்தில் அப்படி ஐதரசன் எடுத்துப் பசளை செய்தார்கள். எங்கள் சங்கத்தின் வயதை ஒட்டிய தொழில்நுட்பம்.

இடையில் ஒரு கதை. மின்வாய் என்பது ஒன்றுக்கும் அசையாத உலோகம் என்று நாங்கள் படித்தோம். 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் பார்னற் ரோசன்பேர்க் என்பவர் பற்றீரியா வளரும் கரைசலுக்குள் பிளாற்றின மின்வாய் வழியாக மின்சாரம் செலுத்தினார். பற்றீரியாக்கள் பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரமில்லை, மின்வாயிலிருந்து கரைந்து வந்த பிளாற்றினச் சேர்வை. அதிலிருந்து பிறந்ததுதான் சிஸ்பிளாற்றின். 1978 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விதைப் புற்றுநோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் இன்றும் கொடுக்கிறோம். மின்பகுப்புக் கலம் செய்பவர்களுக்கு அதே கரைவு ஒரு தலையிடி. ஊக்கி சிறிது சிறிதாகக் கழன்று போகிறது என்பதே அதன் பொருள். ஆய்வுகூடத்தில் பத்து மணித்தியாலம் வேலைசெய்த ஊக்கியைப் பற்றிப் பத்திரிகையில் பெரிய எழுத்தில் செய்தி வந்தால், பத்தாயிரம் மணித்தியாலத்தின் பிறகு அது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

இனி மதுசாரத்துக்கு வருவோம். இந்தச் சொல்லை இந்த மேடையில் இவ்வளவு தாராளமாகச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஒட்சிசன் வேண்டாம் என்றால், அந்தப் பக்கத்தில் தண்ணீருக்குப் பதிலாக இலத்திரனை எளிதில் விட்டுக்கொடுக்கும் வேறொரு பொருளை வைக்கலாமே. இதுதான் முழு யோசனையும். கதோட்டில் ஐதரசன் வழமைபோல வரும். அனோட்டில் ஒட்சிசன் வராது, மதுசாரம் ஒட்சியேற்றப்படும். இயற்கை கேட்கும் ஆகக்குறைந்த விலை திடீரென்று விழுந்துவிடுகிறது. தண்ணீருக்கு 1.23 வோல்ற். எதனோலை முழுவதும் காபனீரொட்சைட்டாக்கினால் 0.08. மெதனோலுக்கு 0.02 அளவில். காரணம், அந்தச் சக்தியில் பெரும்பகுதியை மதுசாரம் தானே கொண்டுவருகிறது. இதை மறக்காதீர்கள், பிறகு கணக்குப் பார்க்கும்போது வேண்டும். இன்னொரு நன்மை, ஐதரசனும் ஒட்சிசனும் கலந்து வெடிக்கும் ஆபத்து இந்தக் கலத்தில் இல்லை.

இந்தத் தாக்கம் எங்களுக்குப் புதிதல்ல. ஈரல் இதைத்தான் செய்கிறது. எதனோலை ஒரு நொதியம் அசற்றல்டிகைட்டாக்கும், இன்னொன்று அதை அசற்றேற்றாக்கும். முதலாவது நொதியத்தின் மையத்தில் இருப்பது நாகம். பொலிஸ்காரர் வாகனச் சாரதியை ஊதச் சொல்கிறாரே, அந்தக் கருவிகளில் ஒரு வகைக்குள்ளும் இதே தாக்கம். மூச்சிலுள்ள மதுசாரம் பிளாற்றினத்தில் பட்டு ஒட்சியேறும். எவ்வளவு மின்னோட்டம் வருகிறதோ அவ்வளவு குடித்திருக்கிறார். ஆக, மதுசார மின்னூக்கி ஏற்கனவே எங்கள் தெருவோரங்களில் வேலைசெய்கிறது.

ஆனால் 0.02 வோல்ற்றில் எந்தக் கலமும் ஓடாது. இங்கேயும் மேலதிக விலை இருக்கிறது, அதற்குக் காரணம் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நன்கு தெரிந்த ஒரு நஞ்சு. மெதனோல் பிளாற்றினத்தில் உடையும்போது இடையில் காபனோரொட்சைட்டு உண்டாகிறது. பூட்டிய அறைக்குள் ஜெனரேற்றர் ஓடவிட்டு மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம். ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அந்த வாயு ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். பிளாற்றினத்தையும் அப்படித்தான் பிடிக்கிறது. மேற்பரப்பு முழுவதும் ஒட்டி உட்கார்ந்துவிட்டால் ஊக்கிக்கு மூச்சுத்திணறல். நோயாளிக்கு நாங்கள் தூய ஒட்சிசனைக் கொடுத்து அதைத் தள்ளி வெளியேற்றுவோம். ஊக்கிக்குச் செய்யும் சிகிச்சையும் ஒருவகையில் அதுவே. பிளாற்றினத்தோடு ருதேனியம் என்ற உலோகத்தைக் கலந்தால், பக்கத்து ருதேனியம் அணு தண்ணீரிலிருந்து ஒட்சிசனுள்ள கூட்டம் ஒன்றைக் குறைந்த வோல்ற்றிலேயே பிடித்துக் கொடுக்கும். ஒட்டியிருந்த காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாகி எழுந்து போகும். 1975 இல் யப்பானிய ஆய்வாளர்கள் வத்தனாபேயும் மொத்தோவும் இதை விளக்கினார்கள். ஒரு அணு மதுசாரத்தை உடைக்க, பக்கத்து அணு கழிவை அகற்றுகிறது. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் வேலை எவ்வளவு சுகம் என்று எங்களுக்குத் தெரியும்.

எதனோலில் இன்னொரு சிக்கல், இரண்டு காபன் அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பு. அதை அறுத்தால்தான் ஒரு மூலக்கூறிலிருந்து 12 இலத்திரன் முழுவதும் கிடைக்கும். பெரும்பாலான ஊக்கிகள் அதை அறுப்பதில்லை. அசற்றிக்கமிலத்தோடு நிறுத்திவிடும், 4 இலத்திரனோடு சரி. 2009 இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் பிளாற்றினம், ரோடியம், வெள்ளீய ஒட்சைட்டு மூன்றும் சேர்ந்த ஊக்கி ஒன்றால் அந்தப் பிணைப்பை அறை வெப்பநிலையிலேயே அறுத்துக் காட்டினார்கள். ரோடியத்தின் விலையைக் கேட்டால் நகைக்கடை முதலாளியும் கதிரையைத் தேடுவார்.

நான் வாசித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 2014 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட வேலை. தைத்தேனியம் ஒட்சைட்டில் நுண்ணிய குழாய்க் காடு ஒன்றை வளர்த்து, அதன்மேல் பலேடியம் துகள்களைத் தூவி அனோட்டாக்கினார்கள். காரக் கரைசல். சாதாரண மென்சவ்வு நீர்மின்பகுப்போடு ஒப்பிட்டால் 1 கிலோ ஐதரசனுக்கு 26.5 அலகு வரை மின்சாரம் மிச்சம் என்று அளந்தார்கள். முன்பு சொன்ன கணக்கு நினைவிருக்கிறதா? ஒரு வோல்ற்றுக்கு 26.6. அவர்கள் ஏறத்தாழ ஒரு முழு வோல்ற்றைக் குறைத்திருக்கிறார்கள். ஒரு அந்தர் யூரியாவின் மின்செலவு பாதியளவுக்கு வந்துவிடும்.

அவர்களை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அந்த எண் அல்ல. அதே கட்டுரையில், எதனோலைச் செய்யச் செலவான சக்தியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். ஒரு பங்கு சக்தி போட்டு 5.1 பங்குக்கு மேல் சக்தி தரும் எதனோலாக இருந்தால்தான் இந்த வழி லாபம் என்று தாங்களே எழுதினார்கள். சோளத்து எதனோல் அதற்குக் கிட்டவும் வராது. பிரேசில் கரும்பு எதனோல் தேறும். தங்கள் கண்டுபிடிப்புக்குத் தாங்களே எல்லை கட்டுபவர்களை நம்பலாம்.

நாமும் ஒரு கணக்குப் பார்ப்போம். எதனோல் அசற்றிக்கமிலத்தோடு நிற்குமானால், 1 கிலோ ஐதரசனுக்கு 11.4 கிலோ எதனோல் வேண்டும். அதற்குள் இருக்கும் எரிசக்தி 85 அலகு. 26 அலகு மின்சாரத்தை மிச்சம்பிடிக்க 85 அலகுப் பெறுமதியான எரிபொருளை உள்ளே ஊற்றுகிறோம். மற்றச் சக்தி எங்கே? வெளியே வரும் 15 கிலோ அசற்றிக்கமிலத்துக்குள் 60 அலகு அளவில் தங்கியிருக்கிறது. அந்த அமிலத்தைக் கழிவென்று கொட்டினால் இது சிக்கனமில்லை, ஊதாரித்தனம். காரக் கரைசலென்றால் அமிலம் காரத்தையும் தின்றுவிடும். அதையும் திரும்பத் திரும்ப ஊற்றவேண்டும்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. இதை ஐதரசன் தொழிற்சாலையாகப் பார்ப்பதைவிட வினாகிரித் தொழிற்சாலையாகப் பார்ப்பது நேர்மை. தென்னங்கள்ளை மரப்பீப்பாவில் வைத்து எங்கள் ஆட்கள் வினாகிரி ஆக்குகிறார்களே, அங்கே பற்றீரியா இதே ஒட்சியேற்றத்தைக் காற்றிலுள்ள ஒட்சிசனால் செய்கிறது. மின்சாரம் வேண்டாம், ஆனால் ஐதரசனும் வராது. மின்பகுப்புக் கலத்தில் வினாகிரியும் வரும், ஐதரசனும் வரும். 1 கிலோ ஐதரசனோடு வரும் அசற்றிக்கமிலத்தைத் தண்ணீர் கலந்து சாப்பாட்டு வினாகிரியின் செறிவுக்குக் கொண்டுவந்தால் 370 லீற்றர். அச்சாறு எவ்வளவு போட்டாலும் முடியாது. உலகத்து ஐதரசன் முழுவதையும் இப்படி எடுத்தால் ஆண்டுக்கு 140 கோடித் தொன் அசற்றிக்கமிலம் குவியும். உலகம் இன்று செய்வது ஏறத்தாழ 2 கோடித் தொன். ஆகவே இந்த வழி ஒருபோதும் நீர்மின்பகுப்பின் இடத்தைப் பிடிக்கப்போவதில்லை. சில இடங்களில், சில அளவில், நன்றாகப் பொருந்தும்.

எங்கே பொருந்தும்? கழிவாக மதுசாரம் இருக்கும் இடத்தில். தாவர எண்ணெயில் 10 கிலோ உயிர்டீசல் செய்தால் ஏறத்தாழ 1 கிலோ கிளிசரோல் மிஞ்சுகிறது. வாங்க ஆளில்லாமல் கிடக்கும் பொருள். அதுவும் ஒரு மதுசாரமே. பலேடியத்துக்குக் காசில்லாதவர்கள் நிக்கலைப் பாவிக்கலாம். 1970களின் தொடக்கத்தில் சவுதாம்ரன் பல்கலைக்கழகத்தில் பிளைஷ்மனும் கூட்டாளிகளும் காரக் கரைசலில் நிக்கல் மின்வாய் மதுசாரங்களை ஒட்சியேற்றுவதை ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் நிக்கல் 1.35 வோல்ற்றுக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும், ஆகவே மிச்சம் குறைவு. மலிவான உலோகமும் குறைந்த வோல்ற்றும் ஒன்றாகக் கிடைக்கவில்லை. இன்றைய ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் இடையில் நடக்கும் பேரம்.

வைத்தியர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 2009 இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஜெராடின் பொற்றே என்ற பெண் விஞ்ஞானி மதுசாரத்துக்குப் பதிலாகச் சிறுநீரை வைத்தார். சிறுநீரிலுள்ள யூரியாவை நிக்கல் மின்வாயில் ஒட்சியேற்றினால் கொள்கையளவில் 0.37 வோல்ற் போதும். கழிவுநீரும் சுத்தமாகிறது. யூரியா செய்ய ஐதரசன் வேண்டும் என்றேன். யூரியாவிலிருந்து ஐதரசனும் வரும். பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள், ஆனால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2022 மார்ச் மாதம் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அதே நாட்டில், மன்னார்க் கரையில் 100 மெகாவாற் அளவான தம்பபவனி காற்றாலைகள் சுழல்கின்றன. காற்று நள்ளிரவில் வீசும், வெயில் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அடிக்கும். அந்த நேரம் மின்சாரம் வாங்க ஆள் குறைவு. மிஞ்சும் மின்சாரத்தில் ஐதரசன் எடுத்து வைக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் கலத்தின் விலை, அதற்குள் இருக்கும் உலோகத்தின் விலை, ஆயுட்காலம் மூன்றும் குறையாவிட்டால், எரிபொருள் இறக்குமதி செய்யும் நாடு கலங்களை இறக்குமதி செய்யும் நாடாக மாறும், அவ்வளவுதான். ஊக்கியைச் செய்யத் தெரிந்த ஆட்கள் எங்களிடம் இருக்கவேண்டும்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு முறை சந்திக்கும்போதும் கேட்பேன், என்னவாக வரப்போகிறீர்கள் என்று. எல்லோருக்கும் ஒரே பதில். அந்தப் பதிலைச் சொல்லி வந்தவள்தான் நானும், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் ஒரு வெட்டுப்புள்ளியில் தவறிய உங்கள் அக்காமாரில் எத்தனை பேர் இரசாயனவியலில் கெட்டிக்காரிகளாக இருந்தும், தோற்றுப்போனவர்கள் என்ற எண்ணத்தோடு வேறு துறைக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த உரைக்காக எனக்குக் கட்டுரைகளை அனுப்பி, என் கணக்குகளைச் சரிபார்த்துத் தந்தவள் என் வகுப்புத் தோழி. வெளிநாட்டில் மின்னிரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். மருத்துவபீடம் அவளுக்கு 3 புள்ளியால் தவறியது. தன் பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டதால் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய பெயர் இந்த மண்டபத்துக் கௌரவப் பலகையில் இல்லை என்பதைத் தலைவியிடம் சொல்லி வைக்கிறேன். மருத்துவ அனுமதி கிடைத்தவர்களுக்கு மட்டும் பலகை வைப்பது பழைய வழக்கம். இரண்டாவது நூற்றாண்டுக்குப் புதுப் பலகை செய்யும்போது அகலமாகச் செய்யுங்கோ அக்கா.

நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடிக்கிறார்கள். குவளையும் பென்சில்களும் இந்த மேசையிலேயே இருக்கும். தேநீர் இடைவேளையில் பிள்ளைகள் வந்து பாருங்கள். 9 வோல்ற் பற்றரி ஒன்றும் கொண்டுவந்திருக்கிறேன். அதைப் பூட்டினால் எந்தப் பென்சிலில் அதிகம் குமிழ் வருகிறது என்று கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் நெருப்புக்குச்சி வேண்டாம்.